புதிய பூனையும் பழைய பூனையும்: வீவக வீட்டில் இரண்டையும் சேர்த்துப் பழக்குவது எப்படி

வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது, இரண்டாவதாக ஒன்று வரப்போகிறது. இந்த வழிகாட்டியில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் ஒரு வரிசை மட்டும் நிற்கட்டும்: முதலில் மூக்கு, அப்புறம் கண், கடைசியில்தான் உடம்பு. வாசனை பழகிய பிறகு பார்க்க விடுங்கள். பார்த்துப் பழகிய பிறகு ஒரே அறையில் விடுங்கள். பூனையைக் கொண்டுவந்த கேரியரை ஹாலின் நடுவில் திறந்துவைத்துவிட்டு, "ரெண்டும் நாலு அடி அடிச்சுக்கிட்டுச் சரியாயிடும்" என்று ஒதுங்கிக்கொள்ளும் வீடுகளில்தான் மாதக்கணக்கில் தீராத பகை உண்டாகிறது. முதல் சந்திப்பில் பட்ட பயத்தைப் பூனை எளிதில் மறக்காது.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. அது தனியாகத் திரிந்து, தனியாக வேட்டையாடி, தனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு வாழும் பிராணி. நம் வீட்டில் சோபாவில் சுருண்டு படுத்திருக்கும் பூனைக்கும் அந்த எல்லை உணர்வு அப்படியே இருக்கிறது. சோபா முனை, கதவு நிலை, உங்கள் முழங்கால் என்று தினமும் கன்னத்தை உரசித் தன் வாசனையைப் பூசிவைக்கிறது. அந்த வாசனை இருக்கும் இடமெல்லாம் அதற்குப் பத்திரமான இடம். அங்கே திடீரென்று வேறொரு பூனையின் வாசனை வந்தால் அது பதறுவது இயல்பு. அதைப் பொறாமை என்றோ திமிர் என்றோ நினைத்துத் திட்டாதீர்கள்.

கொண்டுவருவதற்கு முன்

முதலில் சட்டம். 1989 முதல் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 அன்று அது நீங்கியது. இப்போது ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் உரிமம் வேண்டும், மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். முதன்முறை உரிமம் எடுப்பவர் இணையத்தில் ஒரு பயிற்சியை முடிக்க வேண்டும். இதைக் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவான ஏவிஎஸ். விதிமுறைக்குப் பழக நேரம் கொடுக்க வைத்த இடைக்காலம் 2026 ஆகஸ்ட் 31 வரை. இரண்டாவது பூனையோடு உங்கள் வீட்டு எண்ணிக்கை நிறைந்துவிடுகிறது என்பதால், யாரைக் கொண்டுவருகிறோம் என்பதில் நிதானம் தேவை.

அதில் என் கருத்து இது: நிறத்தையும் அழகையும் பார்க்காதீர்கள், சுபாவத்தைப் பாருங்கள். பத்து வயதைத் தாண்டிய, பெரும்பாலும் தூங்கியே பொழுதைக் கழிக்கும் பூனை இருக்கும் வீட்டுக்கு மூன்று மாதக் குட்டியைக் கொண்டுவருவது அந்தக் கிழத்துக்கு நல்லதல்ல. குட்டி விளையாட வேண்டும் என்று வாலைப் பிடித்து இழுக்கும், பெரியது மூட்டு வலியோடு ஓடி ஒளியும். குட்டிதான் வேண்டும் என்றால், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை எடுப்பது நல்ல யோசனை, ஆனால் வீவக வரம்பு அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே வயதான பூனைக்கு அமைதியான, நடுத்தர வயதுத் துணையைத் தேடுங்கள். எஸ்பிசிஏ என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கம், கேட் வெல்ஃபேர் சொசைட்டி, தனியாக மீட்புப் பணி செய்பவர்கள் எல்லாரிடமும் வளர்ந்த பூனைகள் நிறைய இருக்கின்றன. தற்காலிகமாக வைத்து வளர்ப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது மற்ற பூனைகளோடு இருந்திருக்கிறதா?"

புளோக்கின் கீழே சுற்றும் பூனையை எடுத்து வளர்க்க நினைத்தால் அதன் இடது காதைப் பாருங்கள். நுனி வெட்டியிருந்தால் அது கருத்தடை செய்யப்பட்ட சமூகப் பூனை. யாரோ ஒருவர் நெடுங்காலமாக அதற்குச் சோறு வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பார்த்து வருகிறார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கிவராதீர்கள். அவர் தேடி அலைவார். அந்தப் பூனையின் குணம், நோய், பழக்கம் எல்லாம் தெரிந்தவரும் அவர்தான்.

இரண்டுக்கும் கருத்தடை ஆகியிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஆண் பூனைக்குச் செய்த பிறகும் உடம்பிலுள்ள ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள். புதிய பூனையை வீட்டுக்கு வரும் வழியிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. தெள்ளு, குடற்புழு, காதுப்பேன், படை, தடுப்பூசி, எஃப்ஐவி (நோயெதிர்ப்பைக் குறைக்கும் கிருமி) மற்றும் எஃப்இஎல்வி (பூனை ரத்தப்புற்றுக் கிருமி) ரத்தப் பரிசோதனை: இவ்வளவும் பார்க்கச் சொல்லுங்கள். எஃப்ஐவி பெரும்பாலும் கடிக்காயம் வழியே பரவுவது. தொற்றிய புதிதில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், அதனால் தெருவில் சண்டை போட்டு வந்த பூனைக்கு இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்று விருந்தாளிகள் வந்துபோகும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள். மேல்வீட்டில் ரெனவேஷன் நடந்து, சுவரைத் துளைக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கிறது என்றால் அது முடியட்டும்.

தனி அறை

இந்த முழு வேலையும் ஒரு கதவை நம்பி நிற்கிறது. மூன்று அறை வீடோ நான்கு அறை வீடோ, மூடக்கூடிய ஓர் அறை புதிய பூனைக்கு வேண்டும். பழைய பூனை அதிகம் புழங்காத அறையாக இருக்கட்டும். அது இரவில் படுத்துத் தூங்கும் அறையைப் பறித்துக் கொடுத்தால் முதல் நாளே பகை. குண்டுவீச்சுக்குப் பாதுகாப்பாக வீட்டுக்குள் கட்டியிருக்கும் பாம் ஷெல்டர் அறை வேண்டவே வேண்டாம். அந்தக் கனத்த கதவை மூடினால் நம் ஊர் வெக்கையில் உள்ளே காற்றோட்டம் போதாது. குளியலறையும் வேண்டாம்: ஈரம், வழுக்கல், ஆள் நடமாட்டம்.

சன்னலுக்கு வலை போட்டாயிற்றா என்று பூனை வருவதற்கு முன்பே பாருங்கள். பயந்த பூனை சின்ன இடைவெளியில்கூட நுழையும். மாடி வீட்டுச் சன்னலிலிருந்து விழுந்து சாகும் பூனைகள் இங்கே உண்மையிலேயே உண்டு. வெளி கேட்டுக்கும் வலை வேண்டும். மின்விசிறி ஓடட்டும், தண்ணீர்க் கிண்ணம் இரண்டு இருக்கட்டும்.

அறைக்குள் என்ன வைப்பது? மணல் பெட்டி ஒரு மூலை, சாப்பாடு எதிர் மூலை. ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, அதில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டுங்கள், ஒரு வழி அடைபட்டாலும் மறு வழி இருக்கும். கீறுவதற்குக் கயிறு சுற்றிய கட்டை. கேரியரைத் திறந்தபடியே உள்ளே விட்டுவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் கைக்கெட்டாத மூலை இருந்தால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூனை அங்கே போய் உட்கார்ந்துகொண்டு சாப்பிடக்கூட வெளியே வராது.

இங்கே தமிழ் வீடுகளுக்கென்று இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுபவர்கள் இந்தச் சில வாரங்கள் மட்டும் பூஜை இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீடு முழுக்கப் புகை காட்டினால் பூனையின் மூச்சுக்குழாய்க்கும் கெடுதல், இரண்டு பூனைகளும் ஒன்றையொன்று முகர்ந்து பழகும் வாசனையும் அடிபட்டுப்போகும். அப்புறம் தரை துடைக்கும் மருந்து. டெட்டாலில் இருக்கும் குளோரோசைலினால் என்ற வேதிப்பொருள் பூனைகளுக்கு நஞ்சு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். வெறும் தண்ணீரோ, பூனைக்கு ஆகும் என்று எழுதியிருக்கும் திரவமோ போதும். பணிப்பெண் இருந்தால் அவரிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் உள்ள எல்லாருக்கும் கதவு பற்றித் தெரிந்திருக்க வேண்டும். "பாவம், எவ்வளவு நேரம் அடைச்சு வைப்பே" என்று பாட்டி இரக்கப்பட்டுத் திறந்துவிட்டால் இரண்டு வார உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும். கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்.

முதல் நாட்கள்

புதிய பூனை வாசலைக் கடக்கும்போது பழையது மாஸ்டர் பெட்ரூமில் இருக்கட்டும். கேரியரை நேராகத் தனி அறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திவிட்டுத் திறங்கள். வெளியே வா என்று இழுக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருங்கள், அது தானாக வரும். முதல் நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது சகஜம். வளர்ந்த பூனை ஒரு நாளைத் தாண்டியும் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பூனை பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மருத்துவர் நல்லபடியாகச் சொல்லியிருந்தாலும் சுமார் இரண்டு வாரம் நேரடித் தொடர்பு வேண்டாம். பூனைச் சளி, பார்வோ வகைக் கிருமி போன்றவை உள்ளே இருந்தால் பெரும்பாலும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். கிண்ணமும் மணல் அள்ளும் கரண்டியும் தனித்தனி. அந்த அறையிலிருந்து வந்ததும் கை கழுவுங்கள். இந்த நாட்களை வீண் என்று நினைக்க வேண்டாம், புதியது உங்களை நம்பப் பழகும் காலம் இது.

பழைய பூனைக்கு எதுவும் மாறக்கூடாது. அதே நேரத்தில் சாப்பாடு, அதே நேரத்தில் விளையாட்டு. வேலை முடிந்து வீடு வந்ததும் முதலில் அதனிடம் போங்கள்.

மூக்கு

பெரும்பாலான வீடுகள் அவசரப்பட்டுத் தாண்டும் கட்டம் இதுதான். நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் இங்கேதான்.

இரண்டு பழைய துண்டுகள் அல்லது காலுறைகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றால் புதிய பூனையின் கன்னம், தாடை, நெற்றி ஓரம் ஆகிய இடங்களை மெதுவாகத் தடவுங்கள். நட்பைக் காட்டும் வாசனை சுரப்பது முகத்தில்தான். மற்றதால் பழையதைத் தடவுங்கள். பின்னர் இடம் மாற்றி வையுங்கள், சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அடியில் திணிக்காமல் ஓர் ஐந்து அடி தள்ளி.

எங்கள் வீட்டுச் செல்லம்மா வளர்ந்த கருப்பு வெள்ளைப் பூனை. தற்காலிகமாக எங்களிடம் தங்க வரும் பூனைகளின் துண்டைப் பார்த்ததும் அவள் செய்வது எப்போதும் ஒன்றே. தூரத்தில் நின்று கழுத்தை மட்டும் நீட்டுவாள், பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராகப் பின்னாலேயே இருக்கும். முகர்ந்ததும் வாயைப் பாதி திறந்து, மேலுதட்டைச் சுருட்டி, எதையோ யோசிப்பவள்போல அசையாமல் நிற்பாள். மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு வாசனையை அனுப்பும் முறை அது. முதல் தடவை ஒரு சீறல் சீறிவிட்டு நாற்காலிக்கு அடியில் போய்விடுவாள். அதே வாசனை நாளுக்கு நாள் வர வர, ஒருநாள் துண்டைத் தாண்டி நடந்துபோய்க் கிண்ணத்தில் வாய் வைப்பாள். அந்த அலட்சியம்தான் நமக்கு வேண்டியது. துண்டின்மேல் அன்பு பொங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

துண்டைக் கண்டு பூனை சாப்பிடாமல் ஓடினால் துண்டை இன்னும் தள்ளி வையுங்கள். அடித்துப் பிறாண்டினால் இரண்டு நாள் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கூடவே கதவின் இரு பக்கமும் சாப்பாடு. இதற்கு ஒரு நிபந்தனை: நாள் முழுக்கக் கிண்ணத்தில் உலர்தீனி கொட்டிவைக்கும் பழக்கத்தை முன்கூட்டியே நிறுத்தியிருக்க வேண்டும். பசியில்லாத பூனைக்குச் சாப்பாட்டால் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. வேளைக்கு வேளை கொடுங்கள். முதலில் கதவிலிருந்து இருபுறமும் ஆறேழு அடி தள்ளிக் கிண்ணம் இருக்கட்டும். இரண்டும் நிதானமாகத் தின்று முடித்தால் அடுத்த வேளை ஓர் அடி நெருக்கமாக. ஒன்று நிமிர்ந்து கதவையே முறைத்தால் நெருக்கியது போதும், பழைய தூரத்துக்குப் போங்கள். டின்னில் வரும் ஈரத்தீனி, சுரு என்ற பசைத்தீனி ட்யூப் போன்ற விசேஷத் தீனிகளை இந்த நேரத்துக்கென்றே ஒதுக்கிவைத்தால் கதவின் அந்தப்புறத்து வாசனைக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் முடிச்சு விழும்.

கதவு அடியில் பாதங்கள் நீளத் தொடங்கும். நகம் உள்ளிழுத்த, மெத்தென்ற பாதம் தட்டுகிறது என்றால் ஆர்வம். உறுமலோடு, நகம் விரிந்து வந்தால் ஒரு துண்டைச் சுருட்டி இடுக்கை அடைத்துவிடுங்கள்.

இது அமைதியான பிறகு அறை மாற்றம். பழையதைப் புதியதன் அறையில் ஒரு மணி நேரம் விட்டு, புதியதை ஹாலில் உலாவ விடுங்கள். இரண்டும் வழியில் சந்தித்துவிடாமல் ஒருவர் கதவருகே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். புதியதற்கு வீட்டின் நிலப்படம் மனதில் பதிகிறது: எங்கே ஏறலாம், எங்கே ஒளியலாம், மணல் பெட்டிக்குத் திரும்ப எந்த வழி. பின்னால் துரத்தல் நேர்ந்தால் இந்த அறிவு அதைக் காப்பாற்றும்.

கண்

அறை வாசலில் தடுப்பு போடுங்கள். டைசோ கடையில் கிடைக்கும் கம்பிவலைப் பலகைகளைக் கேபிள் டை கொண்டு இணைத்துக் கட்டினால் போதும். குழந்தைகளுக்கான கேட் ஒன்று மட்டும் என்றால் பூனை தாண்டிவிடும், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வேண்டும். முதலில் அந்தத் தடுப்பின் பெரும்பகுதியைத் துணியால் மூடி, கீழே ஒரு கையகலம் மட்டும் திறந்துவிடுங்கள்.

சாப்பாட்டு வேளையில் இரண்டையும் தூரத் தூரமாக வைத்து இதைச் செய்யுங்கள். சில நிமிடங்கள் போதும், எல்லாம் நன்றாக இருக்கும்போதே கதவைச் சாத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீட்டித்துச் சீறலில் முடித்தால் பூனைக்கு நினைவில் நிற்பது அந்தச் சீறல்தான்.

ஒரு சீறலைக் கண்டு நீங்கள் பதற வேண்டாம். "தள்ளி நில்" என்று பூனை சொல்லும் மரியாதையான வழி அது, சொன்னதும் மற்றது தள்ளி நின்றால் நல்ல அறிகுறி. கவனிக்க வேண்டியது சத்தமில்லாத முறைப்பு. உடம்பு விறைத்து, தலை தாழ்ந்து, கண் சிமிட்டாமல், வால் நுனி மட்டும் ஆடினால் பாயப்போகிறது என்று பொருள். அப்போது பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். குச்சியில் இறகு கட்டிய பொம்மையைப் பக்கவாட்டில் இழுத்துக் கண்ணைத் திருப்புங்கள், இல்லையென்றால் துணியை இறக்கிவிடுங்கள். தண்ணீர் தெளிப்பது, தட்டுவது எல்லாம் கெடுதல்தான். மற்ற பூனை வந்தால் எனக்கு அடி விழுகிறது என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

ஒரே அறையில்

முழுத் தடுப்பும் துணியில்லாமல் இருக்க, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தின்றுவிட்டு முதுகைக் காட்டிப் படுக்கின்றனவா? அப்போது தடுப்பைத் திறக்கலாம். பயம் அதிகமுள்ள பூனை எதுவோ அதன் வேகம்தான் கணக்கு. சில வீடுகளில் மூன்று வாரத்தில் இந்த நாள் வரும், சில வீடுகளில் மாதங்கள் ஆகும்.

இரண்டு பேர், இரண்டு பொம்மைகள். நகங்களை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். பூனைகள் விளையாடிக் களைத்த, சற்றுப் பசித்த நேரம் நல்லது. எந்தப் பூனையையும் கையில் தூக்கிக்கொண்டுபோய் மற்றதன் முகத்தில் காட்டக்கூடாது, தப்பிக்க முடியாத பூனை உங்கள் முகத்தைக் கிழிக்கும். பெரிய அட்டை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முறைப்பு நீண்டால் அட்டையை நடுவில் நிறுத்துங்கள். முட்டி மோதிவிட்டால் கனமான போர்வையை மேலே போடுங்கள், கையை நடுவில் விடாதீர்கள். பூனைப் பல் ஆழமாக இறங்கும், மேலே சின்னப் புள்ளி தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும். கடிபட்டால் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றே பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.

விளையாட்டா சண்டையா என்று தெரியவில்லை என்றால் உங்கள் காதை நம்புங்கள். விளையாட்டில் சத்தம் குறைவு, ஒருமுறை இது துரத்தும், மறுமுறை அது துரத்தும். அலறல், மயிர் பறப்பது, எப்போதும் ஒன்றே ஓடுவது என்றால் சண்டை. பிரித்த பிறகு ஒரு நாள் முழுக்கத் தனித்தனியாக வைத்து, இரண்டு கட்டம் பின்னால் போய்த் தொடங்குங்கள். பின்னால் போவதில் நட்டம் ஒன்றுமில்லை.

நீங்கள் வேலைக்குப் போகும்போதும் இரவிலும் பிரித்தே வையுங்கள். பல வாரம் சிறு உரசல்கூட இல்லாமல் போன பிறகு அதைத் தளர்த்தலாம்.

அதன் பிறகு

இரண்டு பூனைக்கு மூன்று மணல் பெட்டிகள், வெவ்வேறு இடங்களில். மூன்றையும் சமையலறைக்குப் பின்னால் வரிசையாக வைத்தால் பூனைக் கணக்கில் அது ஒரே பெட்டி. குறுகலான வழியில் ஒரு பூனை சும்மா படுத்திருப்பதுபோலத் தெரியும், உண்மையில் மற்றது மணலுக்குப் போகவிடாமல் மறித்துக்கொண்டிருக்கும். வீவக வீட்டில் தரைப்பரப்பு கொஞ்சம் என்பதால் உயரத்தைப் பயன்படுத்துங்கள். செருப்பு அலமாரியின் தலை, சன்னலோரத் தட்டு, பூனைமரம் என்று மேலேயே ஒரு பாதை இருந்தால் ஒன்று தரையிலும் மற்றது மேலேயும் உரசாமல் போய்வரும். சாப்பாட்டுக் கிண்ணங்களை எப்போதும் ஒன்றையொன்று பார்க்காத இடத்தில் வையுங்கள்.

வராந்தாவில் சமூகப் பூனை வந்து கேட்டருகே உட்கார்ந்தால் உள்ளே இருப்பதற்குக் கோபம் தலைக்கேறும். வெளியே இருப்பதை எட்ட முடியாமல் பக்கத்தில் இருக்கும் பூனைமேல் பாயும். காரணமே இல்லாமல் திடீர்ச் சண்டை வந்தால் முதலில் கேட்டைப் பாருங்கள். கீழ்ப்பாதியை ஓர் அட்டையால் மறைத்தாலே பல வீடுகளில் தீர்ந்துவிடுகிறது.

மணல் பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழிப்பது மன அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். ஆண் பூனை பெட்டிக்குப் போய்ப் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும், இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

எல்லாம் சரியாகி மாதங்கள் ஆன பிறகும் ஒரு சமயத்தில் கவனம் வேண்டும். ஒரு பூனை மட்டும் மருத்துவரிடம் போய்த் திரும்பும்போது மருந்து வாசனையோடு வரும். வீட்டிலிருப்பது அதை வேற்றுப் பூனை என்றே எண்ணிச் சீறும். வந்ததும் நேராகப் பழைய தனி அறையில் விட்டு, அது தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளட்டும். அது படுக்கும் துணியையும் உள்ளே போடுங்கள். மறுநாள் கதவருகே ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்துப் பார்த்துவிட்டுத் திறந்துவிடுங்கள்.